கலை நீச்சல்: 10 வயசு மகளுக்கு எதில தொடங்கலாம்?

கல்லடியான்: மகள் ஃப்ரீஸ்டைல் 50 மீட்டர் நீந்துவா. கலை நீச்சல்ல (இசைக்கேத்த மாதிரி தண்ணியில உருவங்கள் செய்யிறது) போட்டி வரைக்கும் போக ஆசை. மட்டக்களப்பில வாவியில பழகலாமா?

நீர்க்காகம்: வாவி வேணாம். கலங்கல் தண்ணி, முதலையும் இருக்கு. தடாகம்தான். முதல்ல ஸ்கல்லிங்: மல்லாந்து மிதந்து, முழங்கைய அசைக்காம, முன்னங்கையால தண்ணிய உள்ளயும் வெளியயும் அமர்த்தணும். உள்ளங்கைச் சாய்வு பிழைச்சா இடுப்பு தாழும். பிறகு எக்பீட்டர்: கதிரையில இருக்கிற மாதிரி தொடைய உயர்த்தி, ரெண்டு காலையும் எதிரெதிரா வட்டமடிக்கணும். தொடை இறங்கினா உடம்பு துள்ளும். கை ரெண்டையும் தூக்கி 1 நிமிசம் நிக்க ஏலாட்டி தலைகீழ் உருவங்களுக்கு அவசரப்படாதீங்க. மூக்குக் கிளிப் கட்டாயம் வாங்குங்க.

ஓட்டமாவடி அக்கா: தனிய மூச்சடக்க விடாதீங்க தம்பி. முங்க முன்னம் வேகவேகமா மூச்சிழுத்தா கார்பன்டையொக்சைட் குறையும். மூச்சு முட்டாமலே மயக்கம் வரும்.

கல்லடியான்: சர்வதேசப் போட்டியில?

நீர்க்காகம்: ஒலிம்பிக்ல ரெண்டு பேர் சோடியும் 8 பேர் அணியும் மட்டும்தான், தனி ஆள் போட்டி இல்ல. 2023ல இருந்து செய்யப்போற ஒவ்வொரு கூறின்ட கடினத்தன்மையயும் முன்கூட்டியே எழுதிக் குடுக்கணும். எழுதினத செய்யாட்டி அந்தக் கூறுக்கு அடிப்படைப் புள்ளி, அதாவது ஆகக் குறைஞ்ச கடினப் புள்ளிதான். பேராசைப்பட்டு எழுதுற அணிகள் இதிலதான் விழும்.