அடுத்தவர் எழுதிய புரோகிராம் கோடு உங்களைப் படுத்திய கதை இருந்தால் சொல்லுங்கள்

அரைப்புள்ளி:
புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் பழைய ஜாவாஸ்கிரிப்ட் ஒன்றை பைத்தானுக்கு மாற்றினான். சர்வர் பதில் தராவிட்டால் கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்க வேண்டும், அவ்வளவுதான். பழையதில் 'வெயிட்' என்ற வேரியபிளில் 5000 இருந்தது. ஜாவாஸ்கிரிப்டில் காத்திருக்க வைக்கும் செட்டைம்அவுட்டுக்கு மில்லிசெகண்ட் கணக்கு, ஆக 5 வினாடி. அதே எண்ணைத் தூக்கி பைத்தானின் டைம்.ஸ்லீப்பில் போட்டுவிட்டான், அதுவோ வினாடிக் கணக்கு. 83 நிமிடத் தூக்கம்! எரர் கிடையாது, லாகிலும் ஒன்றும் இல்லை, ஆளாளுக்கு நெட்வொர்க்கைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தோம். பொறுமை போய் ஒருவர் கன்ட்ரோல் சி அழுத்தினார், எந்த வரியில் நின்றது என்று காட்டும் டிரேஸ்பேக் அந்த ஸ்லீப் வரியில் வந்து நின்றது. பையன் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு அவன் மேல் கோபமே வரவில்லை, 'வெயிட்_மில்லிசெகண்ட்' என்று பெயர் வைக்காமல் போனவர் மேல்தான்.

கீழ்க்கோடு:
அதற்காகப் பெயரை ரயில் மாதிரி நீட்டுவதா? மேலே ஒரு கமென்ட், அதாவது படிக்கிறவருக்கான குறிப்பு, போட்டால் தீர்ந்தது. நான் பார்த்தது இது: பயனர் பெயரை வாங்கும் இடத்தில், முன்னும் பின்னும் உள்ள இடைவெளியை வெட்டும் ஒரு ஸ்ட்ரிப் இருந்தது, எதற்கு என்று ஒரு வார்த்தை இல்லை. கோடைச் சுத்தம் செய்கிறேன் என்று வந்தவர் அதைத் தூக்கிவிட்டார். எக்செலிலிருந்து காப்பி செய்து போடுகிறவர்களுக்குப் பெயரின் கடைசியில் ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டு வரும், அதற்காக வைத்த வரி அது. அப்புறம் லாகின் ஆகவில்லை என்று ஒரே புகார்.

தூங்காதவன்:
கீழ்க்கோடு சொல்வதில் பாதிதான் சரி. 'ஏன்' என்பதற்குக் கமென்ட் வேண்டும், 'என்ன' என்பதற்கு வேண்டாம். நான் பார்த்த ஒரு ஃபைலில் கமென்ட் '18 வயதுக்கு மேற்பட்டவர்கள்' என்கிறது, நேர் கீழே இஃப் வரியில் 21. எது உண்மை என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. கமென்ட் தப்பாக இருந்தால், கோடை மொழிபெயர்க்கும் கம்பைலர் கத்தாது.

புதிதாக எழுதுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அலகைப் பெயரிலேயே வையுங்கள். நாசா செவ்வாய்க்கு அனுப்பிய மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் 1999-ல் போனதே இதனால்தான், ஒரு மென்பொருள் பவுண்டு-விசை வினாடியில் எண்ணைக் கொடுத்தது, வாங்கிக்கொண்டது நியூட்டன் வினாடி என்று எடுத்துக்கொண்டது. அப்புறம் இஃப்புக்கு ஒரே வரிதானே என்று அடைப்புக்குறியை விடாதீர்கள். 2014-ல் இணைய இணைப்பைப் பாதுகாக்கும் ஆப்பிளின் எஸ்எஸ்எல் கோடில், நேரே கடைசிக்குத் தாவச் சொல்லும் 'கோட்டூ ஃபெயில்' என்ற வரி தவறுதலாக இரண்டு முறை இருந்தது. உள்தள்ளலைப் பார்த்தால் இரண்டாவதும் இஃப்புக்குள் இருப்பது போலத் தெரியும், அடைப்புக்குறி இல்லாததால் அது எப்போதும் ஓடி, சர்வரின் டிஜிட்டல் கையெழுத்துச் சரிபார்ப்பையே தாண்டிக் குதித்துவிட்டது. இஃப்புக்குள் இஃப்புக்குள் இஃப் என்று போகாமல், ஆகாத நிலையை முதலிலேயே ரிட்டர்ன் செய்து அனுப்பிவிடுங்கள். 86400 என்று மொட்டையாக எழுதாமல் 'ஒரு நாளின் வினாடிகள்' என்று ஒரு கான்ஸ்டன்ட் வையுங்கள். ஒரு ஃபங்ஷன் என்ன செய்கிறது என்று சொல்லும்போது 'மற்றும்' வந்தால் அதை இரண்டாக உடையுங்கள். இன்னும் நிறைய இருக்கிறது...

அரைப்புள்ளி:
அண்ணே, கதை கேட்டால் கிளாஸ் எடுக்கிறீர்களே.

வால்நட்சத்திரம்:
அந்த 'மற்றும்' விஷயம் மட்டும் இருக்கட்டும், எங்கள் கதையே அதுதான். 'செக்_யூசர்' என்று ஒரு ஃபங்ஷன். பெயரைப் பார்த்தால் சும்மா சரிபார்க்கும் என்றுதானே நினைப்போம்? அது ரொம்ப நாளாக வராதவரின் கணக்கைப் பூட்டவும் செய்யும், உள்ளே எங்கோ கடைசியில் ஒற்றை வரி. ரிப்போர்ட் எடுக்க வந்த பெண் எல்லாப் பயனர்களையும் ஒரு லூப்பில் போட்டு அதைக் கூப்பிட்டார். ரிப்போர்ட் அழகாக வந்தது. மறுநாள் காலையில் ஃபோன் அடிக்க ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. அந்தப் பெயரை இன்னும் மாற்றவில்லை, எங்கெங்கிருந்து அதைக் கூப்பிடுகிறார்கள் என்று யாருக்கும் முழுசாகத் தெரியாதாம்.