பாலித்தீனும் பாலிஎத்திலீனும் ஒன்றா?

கேள்வி:
வணக்கம். பிளாஸ்டிக் குடம் பற்றிய ஒரு குறிப்பை மொழிபெயர்க்கும்போது, மூலத்தில் 'பாலிஎத்திலீன்' என்றிருந்ததைப் 'பாலித்தீன்' என எழுதினேன். பாலித்தீன் என்றால் பை மட்டுமே என்று நண்பர் மறுக்கிறார். எது சரி?

மறுமொழி 1:
இரண்டும் ஒரே பொருளின் பெயர்கள்தாம். எத்திலீன் என்ற வாயுவுக்கு எத்தீன் என்றும் பெயருண்டு. அதன் மூலக்கூறுகள் இரட்டைப் பிணைப்பு விடுபட்டு நீண்ட சங்கிலியாக இணையும்போது கிடைக்கும் பலபடியே (பாலிமர்) இது. 1933இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. என்ற வேதிப்பொருள் நிறுவனத்தின் ஆய்வகத்தில், மிக உயர்ந்த அழுத்தத்தில் நடந்த ஒரு சோதனையில் எதிர்பாராமல் கிடைத்தது. வேதியியல் கட்டுரையானால் நான் பாலிஎத்திலீன் என்றே எழுதுவேன்.

மறுமொழி 2:
நண்பரின் தயக்கத்துக்கும் காரணம் உண்டு. நம் கடைத்தெருவில் பாலித்தீன் என்றால் பையும் விரிப்பும்தான் நினைவுக்கு வரும். உண்மையில், சங்கிலியில் கிளைகள் மிகுந்தால் மூலக்கூறுகள் நெருங்கி அமைய முடியாமல் மென்மையான குறையடர்த்தி வகை உண்டாகிறது; கிளைகள் குறைந்தால் குடத்துக்கும் குழாய்க்கும் ஏற்ற உறுதியான உயரடர்த்தி வகை. ஆகவே குடத்துக்கு 'உயரடர்த்திப் பாலிஎத்திலீன்' என்பதே பொருத்தம். 'நெகிழி' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அது பி.வி.சி.யையும் குறிக்கும் பொதுச்சொல்.

கேட்டவர்:
நன்றி. அடர்த்தியையும் சேர்த்தே திருத்திவிட்டேன்.