பிக்கப்பில் குளிர்பெட்டி ஏற்றினால் பின்பக்கம் அமுங்குகிறது: ஏர்பேக் போடலாமா, பட்டை சேர்க்கலாமா?

உட்லண்ட்ஸ் மாவுக்கடை

வணக்கம். நானும் கணவரும் சிங்கப்பூரில் இட்லி, தோசை மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறோம். விடியற்காலை 4 மணிக்கு வண்டி கிளம்பி செங்காங், தேக்கா, ஜூரோங் என்று சுற்றி வரும். வண்டி டபுள் கேப் பிக்கப், பின்னால் லீஃப் ஸ்பிரிங் (இரும்புப் பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங்). இரண்டு மாதத்துக்கு முன் தூக்கி வைத்து இறக்கக்கூடிய குளிர்பெட்டி ஒன்று வாங்கினோம். அதன் கம்ப்ரஸர் பின்கதவுப் பக்கம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பெட்டியை இறக்கிவிட்டு அரிசி, உளுந்து எடுத்து வருவோம்.

பெட்டி நிறைந்தால் பின்பக்கம் அமுங்கி முன்பக்கம் தூக்குகிறது. எதிரே வருகிறவர்கள் லைட் அடித்துக் காட்டுகிறார்கள். பிகேஇ விரைவுச்சாலையில் ஸ்டியரிங் லேசாக, பிடிப்பில்லாமல் இருக்கிறது. புளோக் கார்பார்க் ஹம்ப்பில் ஏறி இறங்கும்போது 'தடார்' என்று அடிக்கிறது, எவ்வளவு மெதுவாகப் போனாலும். ஒரு வொர்க்‌ஷாப்பில் ஏர்பேக் (பின் சக்கர அச்சுக்கு மேல் வைக்கும் காற்றுப்பை) போடச் சொன்னார்கள், இன்னொன்றில் ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை. ஓட்டுவது என் கணவர். எனக்குப் பயமாக இருக்கிறது.

வண்டியின் எடை 1,920 கிலோ, அனுமதித்த மொத்த எடை 2,900. பெட்டி 310, மாவு 480, நாங்கள் இருவரும் 140. கூட்டினால் 930தான் வருகிறது, எல்லைக்குள்தானே?

காக்கி புக்கிட் பட்டறை

அக்கா, மாவு எதில் அடுக்குகிறீர்கள்? அந்தக் கூடைகளின் எடையைச் சேர்த்தீர்களா?

எதையும் வாங்குவதற்கு முன்னால் வழக்கமாகப் போகிற அதே சுமையோடு, இருவரும் உட்கார்ந்தபடி, எடை மேடைக்குப் போங்கள். மொத்த எடை மட்டும் போதாது. முன் சக்கரம் மட்டும் மேடையில் நிற்கும்போது ஒரு எடை, பின் சக்கரம் மட்டும் நிற்கும்போது ஒரு எடை. காலி வண்டிக்கும் இதே மாதிரி எடுங்கள். ஏர்பேக், பட்டை, ரப்பர் எது போட்டாலும் உயரம்தான் திரும்பும். ஆக்ஸில் (சக்கர அச்சு), பிரேக், டயர், சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) தாங்கும் அளவு ஒரு கிலோகூட கூடாது. டயரின் பக்கவாட்டில் இருக்கும் சுமைக் குறியீட்டு எண்ணையும் பாருங்கள். 112 என்றால் ஒரு டயருக்கு 1,120 கிலோ.

லைட்டைக் கீழே திருப்பித் தரச் சொல்லி யாரிடமும் போகாதீர்கள். லைட் சரியாகத்தான் இருக்கிறது, வண்டிதான் சாய்ந்து நிற்கிறது.

முன்னாள் தெம்பனீஸ்காரன்

நான் இப்போது பெர்த்தில் இருக்கிறேன். இங்கே பிக்கப்பின் தொட்டியில் முகாம் பெட்டியை ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றுவது சாதாரணம், என்னிடமும் ஒன்று இருக்கிறது. உங்கள் குளிர்பெட்டிக்கும் அதற்கும் கணக்கு ஒன்றுதான்: உயரமான பெட்டி, எடை பின்னால் தள்ளி.

ஏர்பேக் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். லீஃப் ஸ்பிரிங் தன் சுமையைச் சேசிஸின் இரண்டு இடங்களில், முன் முனையிலும் பின் முனையிலும், கொடுக்கிறது. ஏர்பேக் ஆக்ஸிலுக்கு நேர் மேலே ஒரே இடத்தில் முட்டுக்கொடுக்கிறது. அதற்குப் பின்னால் பாரம் தொங்கினால் அந்த இடத்தில் சேசிஸ் வளையலாம். இங்கே டபுள் கேப் வண்டிகள் அப்படி வளைந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். ஏர்பேக் கெட்டது என்று சொல்லவில்லை. சுமை நாளுக்கு நாள் மாறுகிறவர்களுக்குக் காற்றைக் கூட்டிக் குறைக்கும் வசதி நல்லதுதான். போட்டால் இடது, வலது இரண்டுக்கும் தனித்தனிக் குழாய் கேளுங்கள். ஒரே குழாயில் இணைத்தால் வளைவில் ஒரு பக்கத்துக் காற்று மறுபக்கம் ஓடி, சாய்வு அதிகமாகும்.

உட்லண்ட்ஸ் மாவுக்கடை

எடை போட்டோம். கூடையை நான் சேர்க்கவே இல்லை! 40 கூடை, ஒன்று ஒன்றரை கிலோ, ஆக 60 கிலோ. மொத்தம் 2,910, எல்லையை 10 கிலோ தாண்டிவிட்டது. காலியாக முன் ஆக்ஸிலில் 1,100 இருந்தது, சுமையோடு 1,050 ஆகிவிட்டது. பின்னால் 1,860. வண்டியின் தகட்டில் பின் ஆக்ஸிலுக்கு 1,800 என்று போட்டிருக்கிறது.

காக்கி புக்கிட் பட்டறை

பார்த்தீர்களா, நீங்கள் இருவரும் முன்னால் உட்கார்ந்தும் முன் எடை குறைந்திருக்கிறது. ஸ்டியரிங் லேசாவதற்குக் காரணம் அதுதான். பெட்டியின் பாரம் ஆக்ஸிலுக்குப் பின்னால் விழுகிறது, சீசாப் பலகை மாதிரி முன்பக்கத்தைத் தூக்குகிறது.

கதவோரக் கடைசி வரிசையில் எத்தனை கூடை?

உட்லண்ட்ஸ் மாவுக்கடை

எட்டு. ஒரு கூடை மாவோடு 13.5 கிலோ.

காக்கி புக்கிட் பட்டறை

அதை இறக்கிவிடுங்கள். 108 கிலோ, ஆக்ஸிலிலிருந்து சுமார் ஒரு மீட்டர் பின்னால் இருக்கிறது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி 3.1 மீட்டர் என்று வைத்தால், முன்னால் 35 கிலோ திரும்பும், பின்னால் 143 குறையும். முன் 1,085, பின் 1,717, மொத்தம் 2,802. ஒரு வரிசையை எடுத்ததும் இரண்டு எல்லைக்குள்ளும் வந்துவிட்டீர்கள்.

அதற்குப் பிறகும் கொஞ்சம் அமுங்கும். கூடுதல் பட்டை வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை பெட்டி இல்லாதபோது உடம்பை உலுக்கும். பம்ப் ஸ்டாப் (ஆக்ஸில் மேலே வந்து சேசிஸில் இடிக்காமல் தடுக்கும் ரப்பர் கட்டை) இருக்கும் இடத்தில் பூட்டுகிற ரப்பர் ஹெல்பர் ஸ்பிரிங் உங்களுக்குப் பொருந்தும். காலியாக இருக்கும்போது ஆக்ஸிலைத் தொடாது, சுமை ஏறினால் மட்டும் தாங்கும், காற்றுப் பார்க்கிற வேலையும் இல்லை. அந்த 'தடார்' சத்தமும் அடங்கும். ஷாக் அப்சார்பர் பழசு என்றால் மாற்றுங்கள், ஆனால் அது ஆட்டத்தைக் கட்டுப்படுத்துமே தவிர பாரம் தூக்காது.

இன்னொன்று, முக்கியமானது. சில பிக்கப்களில் பின் ஆக்ஸிலிலிருந்து ஒரு கம்பி பிரேக் வால்வுக்குப் போகும். பின்பக்கம் அமுங்கினால் சுமை இருக்கிறது என்று புரிந்துகொண்டு பின் பிரேக்குக்கு அழுத்தம் கூட்டும். உயரத்தை ஒரேயடியாகத் தூக்கி நிறுத்தினால் வண்டி காலி என்று நினைத்துக் குறைத்துவிடும். உங்கள் வண்டியில் அது இருக்கிறதா என்று கீழே பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் காலி வண்டியின் உயரத்துக்கே தூக்கக் கூடாது, கொஞ்சம் அமுங்கியே இருக்கட்டும்.

பூட்டுவதற்கு முன் எல்டிஏ (நிலப் போக்குவரத்து ஆணையம்) விதியையும், நீங்கள் வண்டி சோதனைக்குப் போகும் நிலையத்தையும் கேட்டுவிடுங்கள்.

உட்லண்ட்ஸ் மாவுக்கடை

மிக்க நன்றி தம்பி, பெர்த் அண்ணாவுக்கும். இன்று 32 கூடையோடு போய் வந்தார். ஸ்டியரிங் கையில் நிற்கிறது என்றார், ஒருவரும் லைட் அடிக்கவில்லை. ஜூரோங் கடைகளுக்கு மட்டும் இரண்டாவது நடை போகிறோம். வண்டிக்கு அடியில் நீங்கள் சொன்ன கம்பி இருக்கிறது, படம் எடுத்து வைத்திருக்கிறேன். ரப்பர் போட சோதனை நிலையத்தில் கேட்டுவிட்டு வருகிறேன்.

காக்கி புக்கிட் பட்டறை

போட்ட பிறகு 500 கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்டுகளை ஒரு முறை இறுக்கச் சொல்லுங்கள் அக்கா. அப்போதே 32 கூடையோடு மறுபடி எடை போட்டு, முன் ஆக்ஸில் எடையை இங்கே எழுதுங்கள்.