43 தொடர்புடைய கீவேர்டு (தேடல் சொல்) சேர்த்தும் கட்டுரை கூகுளில் மேலே வரவில்லை, உதவுங்கள்

மாட்டுங்காவாசி:
வணக்கம். மும்பை மாட்டுங்காவில் இருக்கிறேன். வாட்டர்ப்ரூஃபிங் வேலை எடுத்துச் செய்யும் ஒருவருக்குத் தமிழில் கட்டுரை எழுதித் தருகிறேன். தாராவி, சயான், செம்பூர் பக்கம் அவருக்குத் தமிழ் வாடிக்கையாளர்கள் அதிகம். மழைக்கு முன்னால் வந்துவிட வேண்டும் என்று மே மாதமே "சுவரில் ஈரக்கசிவு: காரணமும் தீர்வும்" போட்டோம். ஒரு கருவி 43 தொடர்புடைய சொற்களைக் கொடுத்தது. அத்தனையையும் எங்காவது நுழைத்துவிட்டேன். இப்போது ஜூலை. நம் பக்கம் கூகுள் தேடலில் எப்படி வருகிறது என்று காட்டும் சர்ச் கன்சோலில் இம்ப்ரெஷன் (முடிவுகளில் தோன்றிய தடவை) வருகிறது, கிளிக் இல்லை. தேடல் முடிவுகளில் சராசரி இடம் 38. "படிக்கவே ஒரு மாதிரி இருக்கேம்மா" என்று வேலை கொடுத்தவரும் சொல்கிறார். எத்தனை சொல் வைப்பது சரி? எந்தச் சொல்லை எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று காட்டும் கூகுள் கீவேர்டு பிளானரில் தமிழ்ச் சொல் போட்டால் பெரும்பாலும் எண்ணே வருவதில்லை. வேறு எங்கே தேடுவது?

தானே_தம்பி:
அக்கா, நூறு சொல்லுக்கு இரண்டு தடவை முக்கிய கீவேர்டு வர வேண்டும் என்று எனக்கு வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். மீதியை எல்எஸ்ஐ கீவேர்டாக, அதாவது பொருள் தொடர்புள்ள சொற்களாகத் தூவிவிட்டு, பக்கத்தின் குறியீட்டுக்குள் இருக்கும் மெட்டா கீவேர்டு டேக்கிலும் முழுப் பட்டியலைப் போட்டுவிடுங்கள்.

செம்பூர்க்காரர்:
தம்பி, அக்கறையோடு சொல்கிறீர்கள், ஆனால் அது பழைய பாடம். இணையத் தேடலின் வரிசைக்கு மெட்டா கீவேர்டு டேக்கைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது. எல்எஸ்ஐ என்பது ஆவணங்களில் சொற்களின் பொருள் தொடர்பைக் கண்டுபிடிக்க 1980-களில் உருவாக்கிய பழைய முறை. எல்எஸ்ஐ கீவேர்டு என்று ஒன்றே கிடையாது என்று கூகுளின் ஜான் முல்லர் 2019-இல் வெளிப்படையாகச் சொன்னார். சொல்லைத் திணிப்பது கூகுளின் ஸ்பாம் விதிகளுக்கே எதிரானது. சதவீதக் கணக்கை விட்டுவிடுங்கள்.

மாட்டுங்காவாசி, அந்த 43-இல் ஒரு பத்தை இங்கே போடுங்கள்.

மாட்டுங்காவாசி:
ஓதம், ஈரக்கசிவு, நீர்க்கசிவு, மொட்டை மாடி ஒழுகல், பூஞ்சை, உப்பு பூத்தல், பெயிண்ட் உரிதல், வாட்டர்ப்ரூஃபிங் செலவு, மேல் வீட்டு பாத்ரூம் கசிவு, சுவற்றில் ஈரம்.

செம்பூர்க்காரர்:
சிக்கல் இங்கேயே தெரிகிறது. ஈரக்கசிவும் நீர்க்கசிவும் கிட்டத்தட்ட ஒன்றுதான், வாக்கியத்துக்கு எது பொருந்துகிறதோ அதை எழுதலாம். ஆனால் ஓதத்தை அவற்றோடு சேர்த்திருக்கிறீர்கள். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் ஓதம் என்றால் தரையிலிருந்து சுவரில் ஏறும் ஈரம். அது கீழ்த்தளத்து வீட்டின் தொல்லை. நான்காவது மாடியில் மேற்குப் பார்த்த சுவர் நனைகிறது என்றால், தென்மேற்குப் பருவமழை காற்றோடு வந்து அந்தச் சுவரை அறைகிறது, வெளிப்பூச்சு விரிசல் வழியாக நீர் இறங்குகிறது. மேல்தளத்துக்காரருக்கு மொட்டை மாடி. இடையில் இருப்பவருக்கு மேல் வீட்டு பாத்ரூம். நாலு பேருக்கும் காரணம் வேறு, தீர்வும் வேறு. கருவிக்கு இந்த வித்தியாசம் தெரியாது, எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுத்துவிடும்.

உப்பு பூத்தலும் பெயிண்ட் உரிதலும் இன்னொரு வகை. அவை அறிகுறிகள். ஈரம் காயும்போது அதில் கரைந்திருந்த உப்பு வெளியே வந்து வெள்ளையாகப் படிகிறது என்று விளக்கினால் அந்தச் சொல் தானாக வந்துவிடும், நுழைக்கவே வேண்டாம். செலவு கேட்பவர் காரணத்தைத் தேடி வரவில்லை, விலை தெரிய வந்திருக்கிறார். அதைத் தனிக் கட்டுரையாக்கி, இதிலிருந்து ஓர் இணைப்பு கொடுங்கள்.

"சுவற்றில்" என்று பலர் தேடுகிறார்கள் என்பதற்காக நீங்கள் அப்படி எழுத வேண்டாம். "சுவரில்" என்பதே சரி, கூகுள் பெரும்பாலும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும். வேற்றுமை உருபு மாறுவதையெல்லாம் தனித்தனிக் கீவேர்டாக எண்ணினால் தமிழில் பட்டியல் முடியவே முடியாது.

மாட்டுங்காவாசி:
சரி அண்ணா, புரிகிறது. தேடும் இடம் பற்றிச் சொல்லுங்களேன்.

செம்பூர்க்காரர்:
முதலில் சர்ச் கன்சோல். கடந்த 16 மாதத் தேடல்களை வைத்திருக்கும். அந்தக் கட்டுரையின் இணைய முகவரியைத் தேர்ந்தெடுத்து, எந்தத் தேடலுக்கு இம்ப்ரெஷன் வந்திருக்கிறது, ஆனால் பதில் உங்கள் கட்டுரையில் இல்லை என்று பாருங்கள். அப்புறம் கூகுளில் "சுவரில்" என்று தட்டி நிறுத்தினால் கீழே யோசனைகள் விழும். முடிவுகளுக்கு நடுவே பிறர் கேட்ட கேள்விகளும் பக்கத்தின் அடியில் தொடர்புடைய தேடல்களும் இருக்கும். தமிழில் குறைவாகத்தான் வரும். ஆங்கிலத்திலும் ஒரு தடவை தேடி, அங்கே என்ன கேள்விகள் வருகின்றன என்று மட்டும் பாருங்கள். அந்தச் சொற்களை மொழிபெயர்க்காதீர்கள்.

இவற்றுக்கெல்லாம் மேலே ஒன்று இருக்கிறது. உங்களுக்கு வேலை கொடுத்தவருக்குத் தினமும் போன் வருகிறதே, கூப்பிடுகிறவர்கள் முதல் வாக்கியமாக என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள்.

மாட்டுங்காவாசி (ஐந்து நாள் கழித்து):
அவரோடு அரை மணி நேரம் உட்கார்ந்தேன். "பெயிண்ட் கொப்புளம் கொப்புளமா வருது", "பீரோவுக்குப் பின்னாடி கருப்பா படியுது", "போன வருஷம்தான் அடிச்சோம், திரும்பவும் வந்துருச்சு". மூன்றில் ஒன்றுகூட அந்த 43-இல் இல்லை. கடைசியில் சொன்னதைத்தான் அடிக்கடி கேட்பாராம். என் கட்டுரையில் அதற்கு ஒரு வரி பதில்கூட இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

பழையதைப் பிரித்துவிட்டேன். கீழ்த்தள ஓதம் ஒன்று, மழைபடும் வெளிச்சுவர் ஒன்று. செலவு பிறகு. பழைய முகவரியை என்ன செய்வது?

செம்பூர்க்காரர்:
அழிக்காதீர்கள். எந்தத் தேடலுக்கு அதிக இம்ப்ரெஷன் வந்ததோ, அந்தப் பகுதி பழைய முகவரியிலேயே இருக்கட்டும். மற்றதற்குப் புது முகவரி கொடுங்கள். இரண்டிலும் தலைப்பு ஒன்று போல இருக்கக் கூடாது, இருந்தால் தேடலில் ஒன்றை ஒன்று கீழே இழுக்கும். "திரும்பவும் வந்துருச்சு" என்பதை வெளிச்சுவர்க் கட்டுரையில் துணைத் தலைப்பாக்கி, உள்ளே மட்டும் பெயிண்ட் அடித்தால் ஏன் நிற்காது என்று எழுதுங்கள்.

தானே_தம்பி:
அண்ணா, நானும் என் பழைய கட்டுரைகளை எடுத்துப் பார்க்கிறேன். ஒன்றை இங்கே போட்டால் பார்ப்பீர்களா?

செம்பூர்க்காரர்:
போடுங்கள் தம்பி. சர்ச் கன்சோல் தேடல் பட்டியலையும் சேர்த்துப் போடுங்கள்.