பூங்காக் கரைக்குச் சுவரா, சரிவா?

கொட்டியாரத்தான்:
மகாவலி கொட்டியாரக் குடாவில் கலப்பதற்குச் சற்று முன்னர் எங்கள் பூங்காவை ஒட்டி வளைகிறது. அந்த வெளிவளைவில், சென்ற மாரிக்குப் பிறகு ஒரு சீமெந்து வாங்கு பாதி அந்தரத்தில் தொங்கிக்கொண்டு நிற்கிறது. கரை நீளத்துக்கும் கொங்கிறீற்றுச் சுவர் எழுப்புவதே வழி. புல் நட்டுப் பார்க்கலாம் என்பவர்கள், பின்னேரங்களில் அங்கே ஓடித்திரியும் பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

வேரடி:
ஐயா, ஆபத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் வெள்ளம் நிறைந்து நின்றபோது அந்தக் கரை இடியவில்லை. நீர் சடுதியாக வற்றிய பின்னரே பாளம் பாளமாகச் சரிந்தது. ஊறிய மண்ணுக்குள் நீர் தங்கிவிட, வெளியிலிருந்து அதைத் தாங்கிய ஆற்றுநீர் விலகிவிடுவதால் அவ்வாறு நேர்கிறது. சுவர் கட்டினால் அதே அழுத்தம் சுவருக்குப் பின்னால் சேரும். சுவர் முடியுமிடத்தில் சுழிப்பு எழுந்து பக்கத்துக் காணியை அரிக்கும். கரையைச் சரிவாக வெட்டித் தும்பு வலை விரித்து, வெட்டிவேரும் மேலே மருதும் நடுவதே தகும்.

கொட்டியாரத்தான்:
நீர் கசியத் துளை வைப்பது எந்த மேசனுக்கும் தெரிந்த வேலை. உங்கள் சரிவுக்கு எவ்வளவு நிலம் போகும் என்று கணக்கிட்டீர்களா? மூன்று மீற்றர் உயரக் கரையை, உயரம் ஒன்றுக்குக் கிடை இரண்டாகச் சரித்தால் ஆறு மீற்றர் போய்விடும். நடைபாதை முழுவதும் அதற்குள் அடங்கும். வெட்டிவேர் ஆழமாக இறங்குமுன் அடுத்த மாரி வந்துவிடும்.

படகுத்துறை:
இருவரும் கரையின் மேற்பகுதியையே பார்க்கிறீர்கள். வற்றிய நாளில் வள்ளத்தில் நின்று பார்த்தால், கரையின் அடி குகைபோலக் குடையப்பட்டிருப்பதும் மேலே புல்வேர்கள் திரைபோலத் தொங்குவதும் தெரியும். விக்டோரியா, ரந்தெனிகல போன்ற அணைகள் வண்டலை மறித்துக்கொள்வதாலும், ஆற்றில் மணல் அள்ளுவதாலும் படுகை தாழக்கூடும். அப்படித் தாழ்ந்தால் ஆழமற்ற அத்திவாரத்தில் நிற்கும் சுவரும் சரியும். அடியில் மண்ணை மறித்து நீரை மட்டும் விடும் வடிதுணி விரித்துக் கருங்கல் அடுக்காமல் எதைச் செய்தும் பயனில்லை.

வேரடி:
அடிக்குக் கல் தேவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். குடைந்த இடத்தில் வேர் மட்டும் நில்லாது. ஆனால் சரிவை விடமாட்டேன்; அதற்கு இடம் வேண்டுமென்றால் நடைபாதையை உள்ளே தள்ளிப் போடலாம்.

கொட்டியாரத்தான்:
உள்ளே தள்ளினால் பிள்ளைகளின் ஊஞ்சல் எங்கே போவது? சுவரைப் பற்றிய என் எண்ணம் மாறவில்லை. அந்த வாங்கையாவது இந்த வாரமே கழற்றிக் கயிறு கட்டிவிடக் கேட்போம். அதற்கு மூவரும் கையொப்பமிடலாம்.