புதுப்பிப்பு: 1967 ஜிடிஓ-ன்னு சொன்ன கார் லெமான்ஸா போச்சு
ஒஹாயோல ஒரு 1967 பான்டியாக் ஜிடிஓ (பழைய அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார்), 48,000 டாலர் சொல்றாங்க, வாங்கலாமான்னு போன மாசம் கேட்டிருந்தேன்ல, பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றி. முதல்ல வின் நம்பரை (ஒவ்வொரு வண்டிக்கும் கம்பெனி போடுற அடையாள எண்) பாருங்கன்னு சொன்னவர்தான் காப்பாத்தினார். இந்த வண்டில டிரைவர் கதவைத் திறந்தா கீல் பக்கத் தூண்ல அந்த நம்பர் பிளேட் இருக்கு. 1966-லேர்ந்து 71 வரைக்கும் வந்த வண்டில நம்பர் 242-ல ஆரம்பிச்சாத்தான் ஜிடிஓ, இதுல 237, அதாவது லெமான்ஸ் வண்டிக்கு (அதே பான்டியாக்கோட விலை கம்மியான மாடல்) ஜிடிஓ பேட்ஜ், ஹூட் ஸ்கூப் (பானட் மேல இருக்கிற காத்துப் புடைப்பு) எல்லாம் மாட்டியிருக்காங்க. (1965 வண்டிக்கு இந்த செக் செல்லாது, அப்ப ஜிடிஓ தனி மாடல் இல்ல, லெமான்ஸ்ல கூடுதலா கேட்டு வாங்குற ஆப்ஷன், அதுக்கும் 237-தான்.) பின்சக்கரத்துக்கு மேல காந்தம் ஒட்டவே இல்ல, பூரா ஃபில்லர் (துருவை மறைக்கப் பூசுற பசை). நான் எதிர்பார்க்காதது வினைல் ரூஃப் (கூரை மேல ஒட்டுற பிளாஸ்டிக் உறை), அதுக்குக் கீழ பின்கண்ணாடி கீழ்மூலைல துரு, தண்ணி இறங்கி டிக்கி தரையும் ஓட்டை. விக்கிறவர் 30,000 டாலர் வரைக்கும் இறங்கி வந்தார், அந்தத் துருவுக்கு அதுவே அதிகம்னு பட்டுச்சு, வேணாம்னு வந்துட்டேன்.