15 புள்ளி

மல்லேஸ்வரம் மாமா (காலை 9:10): நேத்து அல்சூர் வந்தேன், வீடு பூட்டியிருந்துச்சு. பக்கத்து வீட்டுல கேட்டா, 'மனசு சரியில்லாதவங்க வகுப்புக்குப் போயிருக்காங்க'ன்றாங்க. நமக்கு எதுக்கும்மா அதெல்லாம்?

நான்: மாமா, நான்தான் சித்தியைச் சேத்துவிட்டேன். பெங்களூர் தமிழ்ச் சங்கத்துலருந்து நடக்கிற தூரம். 8 வாரம், சனிக்கிழமை 2 மணி நேரம். களிமண், தையல், வரையறது.

மல்லேஸ்வரம் மாமா: படம் வரைஞ்சா துக்கம் போயிடுமா?

அல்சூர் சித்தி (9:34): போகலண்ணா. அவர் போய் 14 மாசம் ஆச்சு, இன்னும் ராத்திரி 3 மணிக்கு முழிப்பு வருது. ஆனா சனிக்கிழமை 10லருந்து 12 வரைக்கும் தலைக்குள்ள அந்த ஆஸ்பத்திரி வராண்டா வர்றதில்ல. களிமண்ணு காய்ஞ்சா வெடிச்சிடும், தண்ணி தொட்டுத் தொட்டுத் தடவணும். வேற நினைப்புக்கு அங்க இடமில்ல.

அல்சூர் சித்தி: எதுக்கு வந்தேன்னு யாரும் கேக்க மாட்டாங்க. நல்லாருக்கு, நல்லால்லன்னு மார்க்கும் கிடையாது. பக்கத்துல ஒரு கன்னடக்கார அம்மா. 3வது வாரம்தான் வாயைத் திறந்தாங்க, ஊசியில நூல் கோத்துக்கிட்டே. முகத்தைப் பாத்துப் பேச வேண்டியதில்ல பாரு, அதான் வார்த்தை வருது.

பி.டி.எம். அண்ணி: மாமா, இது வெறும் பொழுதுபோக்கு இல்ல. 2019ல உலக சுகாதார நிறுவனம் 3,000க்கும் மேல ஆய்வுகளைச் சேத்துப் பாத்து, பாட்டு, படம், நடனம் எல்லாம் உடம்புக்கும் மனசுக்கும் உதவுதுன்னு அறிக்கை போட்டாங்க. ஆனா சித்தி, ஒண்ணு சொல்லணும். இது வகுப்பு, வைத்தியம் இல்ல. ஆர்ட் தெரபின்றது வேற, அதுக்குன்னே படிச்சவங்க செய்யறது. 3 மணி முழிப்புக்கு டாக்டரைப் பாத்தே ஆகணும்.

மல்லேஸ்வரம் மாமா: நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரிக்கா? ஊர் என்ன பேசும்?

பி.டி.எம். அண்ணி: பேசட்டும் மாமா. எங்க பி.டி.எம். லேஅவுட்லயே அவங்களோட வெல்பீயிங் சென்டர் இருக்கு, பெரிய ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கக்கூட வேணாம். அதுக்கும் தயக்கமா இருந்தா 14416. டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண், 2022லருந்து இருக்கு. 24 மணி நேரமும் இலவசம், தமிழ்லயே பேசலாம்.

நான்: சித்தி, ராத்திரி முழிப்பு வந்தா அந்த நம்பருக்குப் போடுங்க. இல்லன்னா எனக்குப் போடுங்க. எத்தனை மணியானாலும் சரி.

அல்சூர் சித்தி (10:20): சரிடா கண்ணு. இந்த வாரமே டாக்டரைப் பாக்கறேன், அண்ணி கூட வரட்டும்.

பி.டி.எம். அண்ணி: புதன்கிழமை எனக்கு லீவுதான் சித்தி. வர்றேன்.

அல்சூர் சித்தி: நேத்து வகுப்புல, 'தினமும் செஞ்சு, இப்ப விட்டுப்போன ஒண்ணை வரைங்க'ன்னாங்க. நான் புள்ளி வச்சேன். 15 புள்ளி, 8 வரைக்கும் இடுக்குப்புள்ளி. அவர் போனதுலருந்து வாசல்ல நான் கோலமே போடல. போடாதேன்னு யாரும் சொல்லல. போடுன்னும் யாரும் சொல்லல.

அல்சூர் சித்தி: [படம்]

நான்: சித்தி, ஒரு இழைகூடத் தப்பல.

மல்லேஸ்வரம் மாமா (10:52): நான் சொல்லியிருக்கணும்மா. போடுன்னு நான் சொல்லியிருக்கணும்.

மல்லேஸ்வரம் மாமா: அடுத்த சனிக்கிழமை ஆட்டோவுல நானே கொண்டுபோய் விடறேன்.

அல்சூர் சித்தி: வேணாம்ணா, நடந்தே போயிடுவேன். வெள்ளிக்கிழமை வா. வர்றப்ப 8வது கிராஸ்ல கோலமாவு ஒரு கிலோ வாங்கிட்டு வா. வீட்டுல இருந்ததெல்லாம் கட்டி தட்டிப்போச்சு.